கோபம் விட்ட வீட்டு நாய்

கோழி ஈரலைப் பார்த்ததும் மைலோ முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்தோணிராஜ் தட்டை இன்னும் கொஞ்சம் அருகில் தள்ளினார். வேலை முடிந்து வரும் வழியில் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி, வேகவைத்து, ஆறவைத்து, தன் கையாலேயே சோற்றோடு பிசைந்த ஈரல் அது. மைலோ மூக்கை ஒரு தடவை நக்கிக்கொண்டது. பிறகு கொட்டாவி விட்டது.

ஒரு மனிதன் புக்கிட் தெங்கா பெக்டரியில் பகல் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறான். கடல் பாலத்தில் வாகன ஜேமில் சிக்கி, இடுப்பு ஒடிந்து கெலுகோர் வீட்டுக்கு வந்து சேருகிறான். உடுப்பைக்கூட மாற்றாமல் குனிந்து ஒரு நாய்க்குச் சோறு வைக்கிறான். நாய் கொட்டாவி விடுகிறது.

அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டு மூடியது. பல்லைக் கடித்தபடியே அவர் சிரித்தார்.

“சாப்பிடு கண்ணு,” என்றார்.

மைலோ எழுந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது.

“மத்தியானம் கொஞ்சம் சாப்பிட்டுச்சுங்க,” என்றாள் வெரோனிக்கா. சமையலறை வாசலில் நின்று, சுவரைப் பார்த்தபடி சொன்னாள். கொஞ்ச நாளாகவே அவள் கணவனிடம் பேசும்போது சுவரையோ அடுப்பையோதான் பார்க்கிறாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு நாயைப் பற்றித்தான் கவலை.

எல்லாம் திருநீற்றுப் புதனன்று தொடங்கியது. இறைச்சியை விடுவது பெரிதில்லை, உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைத் ஈஸ்டர்வரை, தவக்காலம் முழுக்க விட்டுப் பாருங்கள் என்று கோயிலில் சாமியார் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் வெரோனிக்கா சாயங்கால சீரியலை விட்டாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் ஜோவான் பபிள் டீயை விட்டாள். தனக்கு விடுவதற்கு ஒன்றும் இல்லை, சிகரெட்டைப் போன வருஷமே விட்டாயிற்று என்றார் அந்தோணிராஜ்.

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இருக்கேப்பா,” என்றாள் ஜோவான். “கோபம்.”

அது என்ன பிடித்த விஷயமா, யாராவது ஆசைப்பட்டுக் கோபப்படுவார்களா என்று அவர் கத்தினார். மேசையில் இருந்த தண்ணீர் நடுங்கியது. கத்தி முடித்தபோது பதில் அவருக்கே கிடைத்துவிட்டது. விட்டேன் போ, என்றார். அதையும் கோபமாகத்தான் சொன்னார்.

அதுவரை அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். காலையில் கார் எடுக்கும்போது காடி சாவிக்காக, இரவில் சம்பாலில் உப்புக்காக, நடுவில் பாலத்துக்காக. கை ஓங்கியதில்லை. கத்தி முடித்ததும் காப்பி கேட்பார். காப்பி வந்தால் விஷயம் முடிந்தது.

மைலோவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பெக்டரி வாசலில் குட்டியாகக் கிடந்ததைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தவர் அவர்தான். அன்றிலிருந்து “எங்கடா போன மூதேவி” என்று கேட் வாசலில் நின்று கத்துவார். அது எங்கிருந்தாலும் ஓடி வரும். ‘கண்ணு’ என்று இதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் கூப்பிட்டிருக்கிறார். கிளினிக்கில் அதற்கு ஆபரேஷன் செய்த நாள்.

வாக்குக் கொடுத்தால் மீற மாட்டார். அவருக்கு அது ஒரு பெருமை. தவக்காலத்தின் முதல் வாரம் முடிவதற்குள் மைலோ அவர் எதிரில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. இப்போது விலா எலும்பு தெரிகிறது.

ஜோவான் கைபேசியில் படித்துக்கொண்டே வந்தாள்.

“ப்பா, கொட்டாவின்னா தூக்கம் வருதுன்னு அர்த்தம் இல்லையாம். டென்ஷனாம். மூக்க நக்குறதும் அதானாம். முகத்த திருப்புறது, ‘எனக்குச் சண்ட வேணாம்’னு சொல்றதாம்.”

“நான் எங்கம்மா சண்ட போட்டேன்?” என்றார் அவர், மெல்ல.

ஜோவான் கீழே பார்த்தாள். சாப்பிடாமல் ஒளிந்துகொண்டே இருந்தால் நோயாகவும் இருக்கலாமாம், பல்வலி, காய்ச்சல், வயிறு, சிறுநீரகம் எதுவும் இருக்கலாமாம் என்று வேகமாகப் படித்தாள். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தது.

அந்தோணிராஜ் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போனார். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மெஷின், எதிரில் அவர். மைலோவின் மேல் கவிழ்ந்து, நேராகக் கண்ணுக்குள் பார்த்தார். அதன் காதுகள் மண்டையோடு ஒட்டிக்கொண்டன. ஒரு முன்னங்காலைத் தூக்கிப் பிடித்தது. வால் வயிற்றுக்கு அடியில் போனது. கண்ணோரத்தில் பிறை மாதிரி வெள்ளை தெரிந்தது.

பயப்படாதே என்று காட்டுவதற்காக அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார். எல்லாப் பற்களும் தெரிந்தன.

“ப்பா, மேல கவுறக் கூடாதாம். கண்ண பாக்கக் கூடாதாம். பல்ல...” என்று ஜோவான் படித்து முடிப்பதற்குள் மைலோ நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டது. அது அவருடைய கால்சட்டையை நனைத்தது.

அவர் கை டார்ச்சை இறுக்கியது. பிளாஸ்டிக் எங்கோ விரிசல் விட்டது.

“பரவால்ல கண்ணு,” என்றார்.

ஜோவான் கொட்டாவி விட்டாள்.

மறுநாள் முதல் மைலோ வாஷிங் மெஷினுக்குப் பின்னாலும் இல்லை. காடிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமைதான் அவர் இன்னொன்றைப் பார்த்தார். பக்கத்து வீட்டு வாசலில் யாரோ ஓர் ஆள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். முதலில் வீட்டை, பிறகு வேலியை, பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த மைலோவை.

பக்கத்து வீட்டு ஷேக் அலாவுதீன் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். மைலோ வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. செருப்பை மட்டும் வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் இப்போது நாயைப் படம் எடுக்க ஆள் அனுப்புகிறார் என்றால் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போகப்போகிறது என்று அர்த்தம். ஒருவேளை நாயின் வயிற்றுக்குள் ஏற்கனவே ஏதோ போய்விட்டதோ என்னவோ. யோசிக்க யோசிக்க அந்தோணிராஜுக்குக் காது சூடானது. முன்பு என்றால் வேலி ஓரமாகவே நின்று தெருவைக் கூட்டியிருப்பார். இப்போது பூனை மாதிரி நடந்து போனார்.

“பாய்,” என்றார், காதோரமாக.

ஷேக் அலாவுதீன் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார்.

“யாரு பாய், படம் புடிச்சது?”

“தெரிஞ்சவருண்ணே. சும்மா லா.”

“நாய் ஏதும் தொல்ல பண்ணுதா? சொல்லுங்க. நான் கோவப்பட மாட்டேன்.”

ஷேக் அலாவுதீனுக்கு நாக்கு வறண்டது. நோன்பு நேரம் வேறு. “இல்லண்ணே,” என்றார். “நாய் ஒன்னும் பண்ணல.”

“அப்ப யாரு பண்ணுறா?” என்று கேட்டார் அந்தோணிராஜ். அதையும் சிரித்துக்கொண்டே கேட்டார். அவசரமாகக் கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லி ஷேக் அலாவுதீன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது.

சாயங்காலம் ஷேக் அலாவுதீனின் மனைவி ரோஹானா ஒரு சட்டி நோன்புக் கஞ்சியை வேலிமேல் வைத்துவிட்டு, கூப்பிடக்கூடச் செய்யாமல் போய்விட்டாள். குற்றம் செய்த நெஞ்சு என்று அந்தோணிராஜ் முடிவு செய்தார். மைலோவுக்கு ஒரு துளியும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு முழுச் சட்டியையும் அவரே குடித்தார். கஞ்சி ரொம்ப நன்றாக இருந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வேலி நெடுக ஒட்டுப்பலகை அடித்தார். அந்தப் பக்கத்து ஆள் நாயைப் பார்க்கக் கூடாது, நாயும் அந்தப் பக்கத்து ஆளைப் பார்க்கக் கூடாது. ஒவ்வோர் ஆணியையும் பாயின் தலை என்று நினைத்து அடித்தார். வெயிலில் வியர்வை கொட்டியது. யார் கடந்து போனாலும் சுத்தியலைத் தூக்கியபடியே திரும்பிச் சிரித்தார்.

மைலோவுக்கு இருந்த ஒரே வேடிக்கை வேலிக்கு அப்பால்தான். அதுவும் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு சத்தத்துக்கும் அது உடம்பைச் சுருட்டிக்கொண்டது. முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது.

கிளினிக்குக்குப் போனார்கள்.

டாக்டர் சுபாஷினி பொறுமையாகப் பார்த்தார். பல், ஈறு, காது, வயிறு, சுரம். ரத்தமும் எடுத்தார். எடை குறைந்திருந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை. இதுவரை நோய் என்று சொல்ல எதுவும் அகப்படவில்லை, ஆனால் நாய் எதற்கோ பயந்துபோய் இருக்கிறது என்றார்.

“வீட்டுல யாராச்சும் சத்தம் போடுவாங்களா?”

வெரோனிக்கா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். ஜோவான் மீன் தொட்டியைப் பார்த்தாள்.

“இப்ப இல்ல டாக்டர்,” என்றார் அந்தோணிராஜ். “முந்தி நான். கொஞ்சம்.”

ஜோவானுக்கு இருமல் வந்தது.

நாய் வாய்ப்பேச்சைக் கேட்பதைவிட உடம்பைத்தான் அதிகம் படிக்கும் என்று டாக்டர் விளக்கினார். நம் தோள், நடை, மூச்சு எல்லாம் அதற்குப் பேச்சுதான். வீடு அமைதியாக இருக்கட்டும். சாப்பிடுவது அடியோடு நின்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள், இங்கேயே வைத்து டிரிப் போட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்.

“வயசும் ஆயிடுச்சு இல்லையா, லேசா விட்டுடக் கூடாது,” என்றார்.

திரும்பி வரும்போது பின் இருக்கையில் ஜோவானின் மடியில் மைலோ நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தோணிராஜ் கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். அவருக்கு அழத் தெரியாது. அந்த வேலையையும் இத்தனை நாள் கோபம்தான் பார்த்து வந்தது. அதையும் விட்டுத் தொலைத்திருந்தார்.

அமைதி போதவில்லை என்றுதானே டாக்டர் சொல்கிறார். சரி. அன்று முதல் அவர் வீட்டுக்குள் துணிச் செருப்பு போட்டு நடந்தார். கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டார். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்தார். பேச்சைக் கிசுகிசுப்பாக்கினார். உள்ளே மட்டும் எல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. பாயின் மேல், பாலத்தின் மேல், டாக்டரின் மேல், கொட்டாவியின் மேல். கொதிப்பு தோளில் ஏறி நின்றது. விரல்கள் மடங்கியே இருந்தன.

வெரோனிக்கா மீன் வறுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, “என்ன சமைக்கிற?” என்று மூச்சுக்காற்றாகக் கேட்டார். கரண்டி எகிறி விழுந்தது. அவர் ஹாலில் இருக்கும்வரை அவள் உட்காருவதே இல்லை. ஜோவான் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள், அதையும் பாதிதான். வேலையிடத்தில், சூப்பர்வைசர் அந்தோணிராஜ் சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டே கடந்து போகிறார், பெக்டரியை மூடப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு பரவி, இரண்டு பேர் ஜுருவில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மைலோ இரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை. மத்தியானத்திலும்.

நோன்புப் பெருநாள் வந்து போனது. குருத்து ஞாயிறும் போனது. அந்த வாரம் மைலோ அந்த இரண்டு வாயையும் நிறுத்தியது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் அந்தோணிராஜ் முழங்காலிட்டு ஒரே ஒரு செபம்தான் செய்தார். நாயை விட்டுவிடு, ஆண்டவரே. என் வாக்கை நான் காப்பாற்றிவிட்டேன், நாளை ஒரு நாள்தான் பாக்கி.

சனிக்கிழமை மத்தியானம் மைலோவைக் கிளினிக்கில் சேர்ப்பதென்று முடிவானது. காடிக்கு அடியில் அது படுத்திருந்தது. கடைசி முயற்சியாக ஈரல் தட்டு பக்கத்தில் இருந்தது. அந்தோணிராஜ் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

“வா கண்ணு. மைலோ கண்ணு. ஒன்னும் செய்ய மாட்டேன் கண்ணு.”

மைலோ இன்னும் உள்ளே நகர்ந்தது.

அப்போது ஒரு பெரிய வெள்ளைக் காடி வந்து, சரியாக அவருடைய கேட்டை அடைத்து நின்றது. ஓர் ஆளும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். ஆளிடம் அளக்கும் டேப் இருந்தது. ஷேக் அலாவுதீன் வெளியே வந்து அவர்களை வரவேற்றார். அந்த ஆள் ஒட்டுப்பலகைக்கு மேல் எட்டிப் பார்த்தான். காடிக்கு அடியில் இருந்த நாயைக் கையைக் காட்டி என்னமோ கேட்டான்.

அந்தோணிராஜ் எழுந்தார். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். சிரித்தார்.

“போஸ், காடிய கொஞ்சம் எடுங்க. நாயைக் கிளினிக்குக் கொண்டு போகணும்.”

“செகெஜாப் லா போஸ்,” என்றான் அந்த ஆள், டேப்பை இழுத்துக்கொண்டே.

கொஞ்சம் பொறுக்கட்டுமாம்.

சிரிப்பு முதலில் ஒரு பக்கம் கழன்றது. பிறகு மறுபக்கமும் கழன்றது. என்ன வருகிறது என்று தெரிந்ததால் வெரோனிக்கா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கத்தினார். அடுத்தவன் வாசல் உன் அப்பன் வீட்டுக் காடி நிறுத்துமிடமா என்று தொடங்கினார். இவனுக்கு லைசன்ஸ் கொடுத்தவனிடம் போனார், அங்கிருந்து பாலத்துக்குப் போனார், பாலத்தில் இடைவெளி விடாமல் நுழையும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் தொட்டார், புக்கிட் தெங்காவின் வெயில், டார்ச் லைட், டிரிப், ஸ்கேன், உப்பில்லாத சம்பாலைச் சிரித்துக்கொண்டே விழுங்கிய இரவுகள் என்று எதையும் விடவில்லை. எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மூச்சு வாங்கக் குனிந்தபோது காடிக்கு அடியில் இரண்டு கண்கள் தெரிந்தன.

“உனக்கு என்னடா கேடு? ஈரல் வாங்கி வேகவச்சு ஊட்டுனா கொட்டாவியா விடுற? வெளிய வாடா மூதேவி.”

மைலோவின் காதுகள் நிமிர்ந்தன.

அது வெளியே வந்தது. மழையில் நனைந்து வந்ததுபோல் தலை முதல் வால் வரை உடம்பை ஒரு உதறு உதறியது. வால் கீழேயும் இல்லை, விறைத்தும் இல்லை; இடுப்போடு சேர்ந்து இரண்டு பக்கமும் தளர்வாக ஆடியது. அவருடைய முழங்காலில் தலையை முட்டியது. பிறகு தட்டிடம் போய், ஈரலை மூச்சு விடாமல் தின்றது. தட்டு சிமெண்டில் உருண்டு சத்தம் போட்டது.



“உடம்ப உதறுனா,” என்றாள் ஜோவான், கைபேசியைப் பார்க்காமலே, “பயம் விட்டுப்போச்சுன்னு அர்த்தம்பா.”

வெரோனிக்கா வாசற்படியில் உட்கார்ந்தாள். அவர் எதிரில் அவள் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு அப்போதுதான் பட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“காப்பி போடட்டுங்களா?” என்று கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அந்தோணிராஜுக்கு வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு நாள் பாக்கி. அதைத் தாண்ட முடியவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. வெள்ளைக் காடி போய்விட்டிருந்தது. ஷேக் அலாவுதீன் மட்டும் பலகைக்கு மேலே முகத்தை நீட்டி நின்றார்.

“இத்தன வருஷப் பழக்கம் பாய்,” என்று அவர் பக்கம் திரும்பிக் கத்தினார். “நாய் மேல கம்ப்ளெயின் கொடுக்கணும்னா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? திருட்டுத்தனமா ஆள் வச்சுப் படம் புடிக்கணுமா?”

ஷேக் அலாவுதீனின் முகம் மலர்ந்துகொண்டே போனது. பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

“கம்ப்ளெயினா? அவங்க எங்க வீட்ட வாங்க வந்தவங்கண்ணே. இப்பத்தான் விக்கலன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“வீட்ட எதுக்கு விக்கிறீங்க?”

ஷேக் அலாவுதீன் தட்டை நக்கிக்கொண்டிருந்த மைலோவைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

“நீங்க சிரிக்க ஆரம்பிச்ச அன்னிக்கே ரோஹானா சொல்லிட்டாண்ணே, இந்த மனுஷன் யாரையோ கொல்லப் போறாரு, அதுக்குள்ள வீட்ட வித்துட்டுப் போயிடலாம்னு.”